இரண்டு சோடிக் கையுறை

கல்முனையில் நடந்த எச்ஐவி பயிற்சிக்கு எங்கள் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தாதிகள் போனோம். நானும், எங்களுக்குப் பொறுப்பான பெரிய மிஸ்ஸும். இரண்டு நாளும் நான் பின்வரிசையில் தூங்கினேன். அவர் முன்வரிசையில் தலையாட்டினார். இருவருக்கும் ஒரே சான்றிதழ். அவர் தன்னுடையதை லேமினேட் பண்ணி ஊசி போடும் அறைச் சுவரில் மாட்டினார். "அப்பிடிக் கேஸ் வந்தா என்னட்ட அனுப்புங்க, எனக்குத் தெரியும்" என்று வாசல் காவலாளிக்குக்கூடச் சொல்லி வைத்தார். தெரியுமாம்!

ஒரே ஒரு கேஸ் வந்தது. சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, கிளினிக் வரும் ஒரு அக்கா, எங்கள் வழக்கில் ராத்தா. வெளிநாடு போய் வந்த புருஷன் அவருக்கும் கிருமியைக் கொடுத்துவிட்டு மௌத்தாகிப் பல வருஷம். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் எச்ஐவிக் குளிசை எடுத்து ஒரு நாளும் தவறாமல் போடுகிறவர். வேறு குளிசை ஏதும் போடுறீங்களா என்று நாங்கள் கேட்டதால்தான் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"ஊருக்குத் தெரியப்படாது மிஸ். மகள்ட நிக்காஹ் பேசி முடிச்சிரிக்கி. மாப்பிள்ள வீட்டாரும் இதே ஊருதான்" என்று எங்கள் கைகளைப் பிடித்துக் கேட்டார். பெரிய மிஸ் கையை இழுத்துக்கொண்டு போய், ராத்தாவின் கண் முன்னாலேயே கழுவினார். த்தூ, என்ன மனுசி!

அடுத்த கிளினிக்கில் ராத்தாவுக்கு இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்களிடம் வெறுங்கையால் எடுக்கிற அதே மனுசி, அன்று இரண்டு சோடிக் கையுறை, முகக்கவசம், பிளாஸ்டிக் ஏப்ரன் என்று வந்து நின்றார். கதவு வேறு திறந்து கிடந்தது. வெளியே வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஊர்ப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு சோடி போதும் மிஸ்" என்றேன்.

"நீ தூங்கினவள்தானே, பேசாம இரி."

எடுத்து முடிந்ததும் ஊசிக்குத் திரும்ப மூடி போட்டார். அது கூடாதென்பது முதல் நாள் பாடம். தூங்கிய எனக்கே ஞாபகம். கையுறை தடித்து விரல் வளையவில்லை. ஊசி அவர் விரலிலேயே குத்திவிட்டது.

"அல்லாஹ்வே! எச்ஐவி ஊசி குத்திட்டே! எச்ஐவி!"

வாங்கில் இருந்தவர்களின் பேச்சு நின்றது. பெரிய மிஸ் விரலைப் பிதுக்கினார், ஸ்பிரிட்டை ஊற்றினார், அழுதார். நான் மரம் மாதிரி நின்றேன். ராத்தாதான் எழும்பினார்.

"பிதுக்காதீங்க மிஸ். சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணில கழுவுங்க. இப்பவே மட்டக்களப்புக்குப் போங்க, குளிசை தருவாங்க. மூணு நாளைக்குள்ள தொடங்கோணும். பயப்படாதீங்க, என்ட ரெத்தத்துல கிருமி தெரியாத அளவுக்குக் கொறஞ்சிரிக்கி."

எங்கள் இரண்டு நாள் பயிற்சி மொத்தமும் அவ்வளவுதான். சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டு வெளியே நடந்தார். வாங்கில் இருந்தவர்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

பெரிய மிஸ் அம்புலன்ஸில் போனார். ஒரு மாதம் குளிசை போட்டு, வயிறு புரட்டுது என்று கண்டவரிடமெல்லாம் புலம்பினார். கடைசிப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று வந்ததும் எல்லோருக்கும் மஸ்கட் இனிப்புப் பங்கிட்டார். நானும் வெட்கமில்லாமல் இரண்டு துண்டு தின்றேன்.

ராத்தா பிறகு வரவேயில்லை. மஸ்கட் தின்ற அடுத்த கிழமை எனக்குப் போன் எடுத்தார்.

"அந்த மிஸ்ஸுக்கு ரிசல்ட் என்ன?"

"ஒண்டுமில்ல ராத்தா."

"அல்ஹம்துலில்லாஹ். ஒவ்வொரு தொழுகைலயும் துஆக் கேட்டன்."

"மகள்ட நிக்காஹ்..." என்று இழுத்தேன்.

"ஊசி குத்தின அண்டைக்குப் பின்னேரமே மாப்பிள்ள வீட்டார் வேணாமெண்டு ஆள் அனுப்பிட்டாங்க. பெரிய மிஸ்ஸுக்குச் சலாம் சொல்லுங்க."

அந்தச் சலாமை நான் இன்னும் சொல்லவில்லை. அதை வாங்க அந்த மனுசிக்கு என்ன தகுதி? கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத்தான் என்ன தகுதி?