கோணி ஊசியில் வந்த களவா

என் அக்கா சவுந்தரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் முட்டாள்தனத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. தொடங்குகிறேன், எனக்கென்ன வெட்கம்? பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகக் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறேன். புலாவ் திக்குஸில் எங்கள் மாதா கோயிலைச் சுற்றியிருக்கும் வீடுகளில் 'கோபக்கார லாரன்ஸ்' என்று கேட்டால்தான் என்னை அடையாளம் காட்டுவார்கள். அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். கல்யாணமான நாலாவது வருடமே அத்தான் காய்ச்சலில் போய்விட்டார். அன்று முதல் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ஒண்டிக்கொண்டு இருக்கிறாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோயில் பீடத்துணிகளையும் சாமியார்களின் அங்கிகளையும் வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி தேய்ப்பது அவள்தான். அவள் சோற்றுக்கு அவளே சம்பாதிக்கிறாள்.

இஸ்திரிப் பெட்டி ஆறும் நாட்களில் அவளை வீட்டில் பார்க்க முடியாது. தஞ்சோங் தோக்கோங் பாறைகளில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பாள். காலில் செருப்புக்குப் பதில் கோணித்துண்டைச் சுற்றிக் கட்டியிருப்பாள், பாசியில் வழுக்காமலிருக்க. ஈரமாக இருக்கும் பாறையில் உட்காரவே மாட்டாள். "அது ஏன் ஈரமா இருக்கு? இப்பத்தான் அலை வந்து போயிருக்கு. திரும்பியும் வரும்லா" என்பாள். இந்த ஒரு புத்தி இல்லாமல் அந்தப் பாறைகளிலிருந்து கடலுக்குள் போனவர்கள் எத்தனையோ பேர்.

அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தொலைத்துத் தொலைத்துக் கற்றுக்கொண்டாள். ஈயக்குண்டை எப்போதும் நைந்துபோன மெல்லிய நூலில்தான் கட்டுவாள். குண்டு பாறை இடுக்கில் மாட்டினால் அந்த நூல் மட்டும் அறும், தூண்டில் முள்ளும் மீனும் கைக்கு வந்துவிடும். கட்டா மீன் மேலே துள்ளும் நாட்களில் இரையே போடமாட்டாள். வெள்ளைக் கோழியிறகு இரண்டை முள்ளோடு சேர்த்துக் கட்டி, வீசி, வேகமாக இழுப்பாள். அந்த அவசரக்கார மீன் அதைக் குஞ்சு மீன் என்று நினைத்துப் பாயும். பாறைப் பொந்தில் கிடக்கும் களவா மீனுக்கு மட்டும் உயிர் நண்டு. நண்டின் கொடுக்கை ஒடித்துவிட்டு, முதுகோட்டின் ஓரத்தில் முள்ளைக் குத்துவாள். "கொடுக்கை விட்டா அது கல்லைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துக்கும், மீன் கண்ணுல படாது" என்று அதற்கொரு விளக்கம். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? பத்தொன்பது வருடமாக ராத்திரிச் சாப்பாட்டோடு இதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். போன வருடம், 1927இல், என் மகள் அன்னமேரிக்கு ஒரு வரன் வந்தது. அக்கரையில் சுங்கை பாக்காப் பள்ளிக்கூடத்து ஆர்தர் மாஸ்டரின் மகன் பெர்னார்ட். பையனும் பெண்ணும் ஒரு திருநாளில் பார்த்துக்கொண்டவர்கள். அன்னமேரிக்கு அந்தப் பேரைச் சொன்னாலே முகம் சிவக்கும். மாஸ்டர் மட்டும் சரியான கெடுபிடி. வெள்ளிக்கிழமை எங்கள் வேதத்தில் இறைச்சி கூடாது, மீன் சாப்பிடலாம். தைப்பிங்கில் பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் அதை மறந்து கோழிக்குழம்பு ஊற்றிவிட்டார்கள் என்று, இலையை மூடிவிட்டு எழுந்து வந்தவர். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. எனக்கு எழுதிய கடிதத்தில், 'குடும்பத்துப் பெண்கள் அடக்கமானவர்கள் என நம்புகிறேன்' என்று ஒரு வரி போட்டிருந்தார்.

அந்த ஒரு வரி எனக்குப் பேதி கொடுத்துவிட்டது. மீனவர்களோடு சமமாகப் பாறையில் குந்தியிருக்கும் அத்தையைப் பற்றி அவர் காதில் விழுந்தால்? அன்று மாலையே அக்காவின் தகர டப்பாவை, முள், குண்டு, இறகு எல்லாவற்றோடும் எடுத்துப்போய் படகுத்துறையிலிருந்து கடலில் எறிந்தேன்.

வீட்டுக்கு வந்து, "இனிமே பாறைப் பக்கம் போகாதே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றப்ப நீ கூடத்துக்கும் வர வேணாம், அடுப்படியிலேயே இரு" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டிக்குக் கரி அள்ளப் போய்விட்டாள். திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஒரு மாதம் அவள் என்னோடு அளவாகவே பேசினாள்.

நிச்சயதார்த்தம் ஒரு வியாழக்கிழமைக்குக் குறித்தோம். ஆட்டுக்கறி வாங்கிக் காலையிலேயே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அப்போது பிடித்தது காற்றும் மழையும்! அக்கரை ஃபெரிப் படகை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் தந்தி வந்தது. 'நாளை பகல் பன்னிரண்டு மணிக்கு வருகிறோம். ஆர்தர்.'

நாளை வெள்ளிக்கிழமை. வீட்டில் ஒரு குண்டான் ஆட்டுக்கறி.

பசாருக்கு ஓடினேன். அன்று முழுக்க ஒரு படகும் கடலில் இறங்கவில்லை. மீன் கடைகளில் பலகையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். திரும்பி வந்தால் என் மனைவி தெரேசா, "ஏங்க, முட்டைக் குழம்பு வெச்சுடலாமா? கருவாடு கூட இருக்கு" என்றாள்.

"நிச்சயதார்த்தத்துக்குச் சம்பந்திக்குக் கருவாடா? என்னைத் தூக்கிக் கடல்ல போடு!" என்று கத்தினேன்.

அன்னமேரி உள்ளே அழுதுகொண்டிருந்தாள். நான் பின்கட்டுக்குப் போனேன். அக்கா பாதிரியாரின் அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு மீன் வேணும்."

"என் டப்பா எங்கடா?"

"கடல்ல."

"அப்ப முள்ளு எல்லாம் மீன்கிட்டத்தான் இருக்கு. அதுகிட்டயே போய்க் கேளு."

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அக்கா இஸ்திரிப் பெட்டியை மெதுவாக நிமிர்த்தி வைத்தாள். "அன்னமேரி அழறாளேன்னு வர்றேன். உனக்காக இல்ல" என்றாள்.

பிறகு அவள் செய்ததையெல்லாம் நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். சாக்குத் தைக்கும் கோணி ஊசி ஒன்றை இஸ்திரிப் பெட்டியின் கரி நெருப்பில் செக்கச்செவேலென்று பழுக்க வைத்தாள். குறட்டால் பிடித்து, நுனியைக் கொக்கியாக வளைத்து, மறுபடி பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாள். ஊசிக் கண்ணில் கயிறு கட்டலாம். ஆனால் சாதாரணத் தூண்டில் முள்ளின் நுனியில் பின்பக்கமாக ஒரு சின்னப் பல் இருக்குமே, மீன் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள, அது இதில் இல்லை.

"கயிறு?" என்றேன்.

அக்கா பின்கட்டுக் கொடியிலிருந்து என் சட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கூடையில் போட்டாள். கொடியை அவிழ்த்தாள். பக்காவ் என்ற சதுப்பு மரத்தின் பட்டைச் சாயத்தில் ஊறவைத்த, முப்பது பாகம் நீளமுள்ள தூண்டில் கயிறு! ஒரு மாதமாக என் சட்டைத் தோள்களில் மெல்லிய செம்பழுப்புக் கோடு விழுந்துகொண்டிருந்தது. சவுக்காரம் சரியில்லை என்று தெரேசாவிடம் எத்தனை தடவை குதித்திருக்கிறேன்!

"அடிப்பாவி, எல்லாத்தையும் எறிஞ்சேனே!"

"டப்பாவைத்தானே எறிஞ்ச. கொடியில சட்டையைக் காயப்போடாதேன்னு சொல்லலையே" என்றாள்.

விடிகாலையில் ஒரு ரிக்‌ஷாவில் தஞ்சோங் தோக்கோங் போய் இறங்கினோம். மழை விட்டிருந்தது. கடல் கலங்கிச் செம்மண் நிறத்தில் மோதிக்கொண்டிருந்தது. எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. அக்காவோ கலங்கலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "கலங்கல் இருந்தா பெரிய மீனு பயமில்லாமக் கரைக்குக் கிட்ட வரும். தண்ணியும் ஏறுது. மீன் வரும், வாயை மூடிக்கிட்டு உக்காரு."

பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளைக் கல்லால் நசுக்கித் தண்ணீரில் வழித்துவிட்டாள். மணம் பரவட்டும் என்று. இடுக்கில் கைவிட்டு நண்டு பிடித்தாள், கொடுக்கை ஒடித்தாள், குத்தினாள். ஈயக்குண்டு இல்லாததால் ஒரு கூழாங்கல்லை நைந்த நூலில் கட்டினாள். வீசினாள். உட்கார்ந்தாள்.

ஏழு மணி. எட்டு மணி. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அதன் கண்ணாடி தேய்ந்திருக்கும். எட்டரைக்குக் கயிறு லேசாக நகர்ந்தது.

"இழுக்கா, இழு!"

"சும்மா இரு. முள்ளுக்குப் பல் இல்ல. இப்ப இழுத்தா துப்பிடும். தொண்டை வரைக்கும் முழுங்கட்டும்." மாதாவே, எவ்வளவு நேரம் விட்டாள்! பிறகு ஒரே வெட்டாக வெட்டி இழுத்தாள். கயிறு விண்ணென்று நின்றது. அடுத்த கணம் கீழே பாறைக்குள் இறங்கி அப்படியே கல்லாகிவிட்டது.

"பொந்துக்குள்ள போய்ட்டான். செவுளை விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றாள். களவாவின் வழக்கம் அதுவாம். நான் பாய்ந்து கயிற்றைப் பற்றி இழுக்கப் போனேன். சப்பென்று என் கையில் ஓர் அடி விழுந்தது. நாற்பத்தைந்து வயதில் அக்காவிடம் அடி!

"அறுத்துத் தொலைக்கவா பாக்குற? விட்டுக் குடுக்கணும்."

அவள் கயிற்றை முழுக்கத் தளரவிட்டாள். ஒரு விரலில் மட்டும் சுற்றிக்கொண்டு, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து நிதானமாகச் சுண்ணாம்பு தடவினாள். எனக்கு ரத்தம் கொதித்தது. என் மகளின் வாழ்க்கை ஒரு பொந்துக்குள் உட்கார்ந்திருக்க, இவள் வெற்றிலை போடுகிறாள்! கால்மணி நேரம் ஆகியிருக்கும். விரலில் கயிறு மெல்ல அசைந்தது. மீன் ஆபத்து போய்விட்டதென்று வெளியே வந்துவிட்டது. அக்கா எழுந்து நின்று, கைமாற்றிக் கைமாற்றி, மூச்சுவிடாமல் இழுத்தாள். கூழாங்கல் எங்கோ மாட்டி அதன் நூல் அறுந்தது. களவா அலையோடு பாறைமேல் வந்து விழுந்தது. பன்னிரண்டு ராத்தலுக்குக் குறையாது. நான் அதன்மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டேன். கம்பெனிக் கோட்டு போட்டிருந்தேன் என்பதே நினைவில்லை.

முள் ஆழத்தில் இருந்ததால் அக்கா கயிற்றை வாயோரமாக அறுத்தாள். "முள்ளு தொண்டையிலயே இருக்கு. அறுக்கறப்ப எடுத்துடச் சொல்லி தெரேசாகிட்ட மறக்காமச் சொல்லு. நான் கால் கழுவிட்டு நடந்து வர்றேன், நீ மீனோட ஓடு." ரிக்‌ஷாவில் மீனை மடியில் வைத்துக்கொண்டு பறந்தேன். வீட்டில் இறங்கியதும் மீனைக் கொடுத்தேன், குளித்தேன், கோட்டு மாற்றினேன், நாற்காலி போட்டேன். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் செய்தேன்.

பன்னிரண்டு மணிக்கு ஆர்தர் மாஸ்டர், அவர் மனைவி, பெர்னார்ட் மூவரும் வந்தார்கள். இலை போட்டோம். குழம்பின் வாசனைக்கே மாஸ்டரின் முகம் இளகியது. "நேத்து அடிச்ச காத்துக்கு இப்படி ஒரு மீன் எங்க கெடைச்சது?" என்று கேட்டார்.

"பசார்ல தெரிஞ்ச ஆள் இருக்கான்" என்றேன், கூசாமல்.

தலையை மாஸ்டருக்கு வைத்தோம், மரியாதைக்கு. அவர் தாடைப்பக்கத்தைப் பிரித்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். விரலை விட்டு எடுத்தார். வளைந்த கோணி ஊசி.

"மீன்காரன் முள்ளா இருக்கும்" என்றார் மாஸ்டர், அமைதியாக. பொய்யைக்கூட அவரே எனக்கு எடுத்துக் கொடுத்தார். தலையாட்டியிருந்தால் போதும். ஆட்டவும் ஆரம்பித்தேன். அப்போது அவர் மனைவி ஊசியை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது முள்ளா? பல்லு கூட இல்ல. எவனோ அரைகுறை செஞ்சிருக்கான். மீன்தான் தலைவிதியேன்னு மாட்டியிருக்கு."

எங்கிருந்து வந்ததோ எனக்குக் கோபம்! எழுந்து நின்றுவிட்டேன்.

"அரைகுறையா? அம்மா, அதை நெருப்புல காய்ச்சி வளைச்சது எங்க அக்கா. அவ முள்ளையெல்லாம் கடல்ல எறிஞ்ச அரைகுறை நான். இந்தக் கடற்கரையில பல்லில்லாத முள்ளுல களவாவைப் பொந்துலேர்ந்து வெளிய கொண்டுவர இன்னொரு ஆள் இருந்தா கூட்டிட்டு வாங்க, பாக்குறேன்! பாறையில குந்தி மீன் புடிக்கிறது எங்க வீட்டு வழக்கம். சம்பந்தம் வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

தெரேசா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அன்னமேரியின் முகத்தில் ரத்தமில்லை. மாஸ்டர் ஊசியை இலையோரம் வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அவங்க சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

அதை நான் கேட்கக்கூட இல்லை. விடிகாலையில் வெறும் காப்பியோடு கிளம்பியவள். அங்கிருந்து நடந்து வந்து, நான் போகச் சொன்ன இடத்தில், அடுப்படியில், இருந்தாள். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அவள் புடவை ஓரத்தில் இன்னும் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. என் நாற்காலியில் உட்காரவைத்தேன். இலை போட்டு நானே பரிமாறினேன். மாஸ்டரின் மனைவி தன் பங்கிலிருந்த நல்ல துண்டை எடுத்து அக்கா இலையில் வைத்தார். "மன்னிச்சுக்குங்க அண்ணி, எனக்கு மீனு திங்கத்தான் தெரியும்" என்றார். சாப்பாடு முடிந்ததும் மாஸ்டரே கல்யாணத் தேதியைக் கேட்டார்.

திங்கட்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது பீச் ஸ்திரீட்டில் சீனன் கடையில் புதுத் தகர டப்பாவும் மூன்று டஜன் முள்ளும் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா இஸ்திரியை நிறுத்திவிட்டு டப்பாவைத் திறந்தாள். ஒரு முள்ளை எடுத்துக் கட்டைவிரலில் அழுத்திப் பார்த்தாள்.

"எல்லாம் பெருசுடா. கடல்ல களவா மட்டுந்தான் இருக்கா? போய்ப் பாதியை மாத்திட்டு வா."

வெயிலில் இரண்டு மைல் நடந்து வந்தவன் நான். கோபம் வாய் வரை வந்தது. கொடியைப் பார்த்தேன். அதில் என் சட்டை ஒன்றுமில்லை, நனைந்த தூண்டில் கயிறு மட்டும் தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன சைஸ்க்கா?" என்று கேட்டுக்கொண்டு திரும்ப நடந்தேன்.