திருவாதிரை மங்கின மார்கழி

ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைக்கு மேலே எஸ்டேட் மேட்டில் தொலைநோக்கி வைத்த சின்னக் கட்டடம் ஒன்று உண்டு. சேலத்துக் கல்லூரி ஒன்று வைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அதைப் பார்த்துக்கொண்ட கல்லூரி மேடம் என்னிடம் சொன்னது மூணே விசயம்.

"சாயங்காலம் கூரையைத் தள்ளித் திறக்கோணும். கண்ணாடி மேல ஈரம் ஏறாமப் பாத்துக்கோணும். கையால மட்டும் தொட்டுராதீங்க."

கூரை தகரம். தண்டவாளத்தில் சக்கரம் போட்டது, தள்ளினால் ஓடிவிடும். இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். ஐப்பசி வந்ததும் தெரிந்தது, வேலை கூரை அல்ல, ஈரம். ஏற்காட்டு மூடுபனி சாவித் துவாரத்தில்கூட நுழையும்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். புது ஆட்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். மேடம் என்னை ஒருநாளும் 'முன்னாடி வா, பேசு' என்று இழுத்ததில்லை. அதனாலேயே அவரிடம் எனக்குப் பேச்சு வந்தது.

மேடம் அளந்தது வயசான நட்சத்திரங்களை. சிவந்து, ஊதிப் பெருத்து, தன் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடுகிறவை. அதில் அவருக்குச் செல்லம் திருவாதிரை. "ஆதிரை எப்படி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஜீப்பை விட்டு இறங்குவார். ஊட்டுக்குள்ளே முடியாமல் படுத்திருக்கிற பெரியவங்களை விசாரிக்கிற மாதிரி இருக்கும்.

கங்குச் சட்டி

தொலைநோக்கிக் கண்ணாடி இருக்கிற பெட்டிக்குள் ஈரத்தை ஓட்ட ஒரு குண்டு பல்பு எரியும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் பல்பும் போய்விடும். எங்கள் மலையில் ஊட்டுக்குள் ஈரம் ஏறினால் மண்சட்டியில் கரிக்கங்கு போட்டு மூலையில் வைப்போம். அப்படி வைக்கட்டுமா என்று மேடத்தைக் கேட்டேன். "புகையாம இருந்தா வெச்சுக்கோங்க" என்றார். பல வருசம் அப்படித்தான் ஓடியது.

மேடம் ரிட்டயர் ஆனார். புதுசாக ஒரு சார் வந்தார். சின்ன வயசு, நல்ல உழைப்பாளி, பதட்டக்காரர். அந்த வருசம் மார்கழியில் பனி விடவே இல்லை. மேகத்தில் ஒரு ஓட்டை விழுந்தால் சார் ஓடிப்போய்த் திருவாதிரையை மட்டும் அளப்பார். அதற்குள் ஓட்டை மூடிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் மிசினில் அதன் வெளிச்ச நம்பர் குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் மூலையில் சட்டியைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"கங்குங்க சார். ஈரத்துக்கு."

"கண்ணாடி இருக்கற ரூம்ல நெருப்பு மூட்டுவீங்களா? புகை படிஞ்சிருச்சு. அதான் வெளிச்சம் கொறையுது."

மேடம் சொன்னதுதான் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குத்தான் ஆள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே.

"கண்ணாடியை எறக்கி, பூச்சு மாத்த அனுப்போணும். மாசக் கணக்காகும். அதுவரைக்கும் நீங்க வர வேண்டாம். சாவியைக் குடுத்துருங்க."

முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன். துணி அந்த இடத்தில் சாவி கணக்காகவே சுருங்கிக் கிடந்தது.

பழம் பறிக்கிற வரிசை

காப்பிப் பழம் பறிக்கிற காலம் அது. பழையபடி எஸ்டேட்டுக்குப் போனேன். பக்கத்து வரிசையில் செல்லி. எனக்கு முன்னாலேயே சேதி அவளிடம் போயிருந்தது.

"ஏக்கா, வானத்துல இருந்ததைப் புகை போட்டே கெடுத்துட்டியாமே? எங்கூட்டுல கொசு நொம்ப. வந்து ஒரு சட்டி வெச்சுட்டுப் போ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் மட்டும் அது தைத்துக்கொண்டே இருந்தது. மேடம் அத்தனை வருசம் பார்த்த நட்சத்திரத்தை நான்தான் மங்க வைத்தேனா? கூலி எங்கேயும் கிடைக்கும். அந்தப் பேரோடு மேடம் முகத்தில் எப்படி முழிப்பது?

பக்கத்து நட்சத்திரம்

கண்ணாடியை இறக்கும் முன் சார் மேடத்துக்குப் போன் போட்டிருக்கிறார். அவர் மறுநாளே ஜீப் ஏறி வந்துவிட்டார். நேராக எஸ்டேட்டுக்கு வந்து, பழக்கூடையோடு நின்ற என்னையும் ஏற்றிக்கொண்டார்.

கட்டடத்துக்குள் போனதும் மேடம் சாரிடம் முதலில் கேட்டது இதுதான்.

"ரோகிணியை அளந்தீங்களா?"

"பனி விடல மேடம். கெடச்ச நேரத்துல திருவாதிரையை மட்டும்..."

"கண்ணாடி அழுக்குன்னா ரெண்டும் மங்கோணுமில்ல?"

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் காற்றடித்துப் பனி விலகியது. என்னைத்தான் கூரையைத் தள்ளச் சொன்னார் மேடம். முதலில் ரோகிணி. போன வருசம் இருந்த அளவே இருந்தது. அப்புறம் திருவாதிரை. பாதிக்கும் கீழே.

"கண்ணாடி நல்லாத்தான் இருக்குது" என்றார் சார், மெதுவாக.

மேடம் என்னை வெளியே கூட்டிப்போய்க் கிழக்கே காட்டினார். எப்போதும் ரோகிணியை விடத் திருவாதிரைதான் பளிச்சென்று இருக்கும். அன்றைக்கு அது சோர்ந்து கிடந்தது. வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. பனியையும் மிசினையும் பார்த்துக்கொண்டு நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை.

"வயசாயிருச்சுங்க அவளுக்கு" என்றார் மேடம். "உள்ள நொம்ப எரியுது, மேல இருக்கறதைப் புடிச்சு வெக்கத் தெம்பு பத்தல. ஒரு வாய் ஊதித் தள்ளியிருப்பான்னு எனக்குப் படுது. தள்ளுனது வெளிய வந்து குளுந்தாப் புழுதி. அது நமக்கு நேரா நின்னா மங்கலாத் தெரியும். ஒலகம் பூராவும் இதைத்தான் பாத்துட்டிருக்காங்க."

"அப்ப புகை அங்கதானுங்களா?"

"அங்கதான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊதைக் காற்றென்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

சார் சாவியை நீட்டினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நாளைக்குச் சீக்கிரம் வந்துருங்கம்மா, ரெண்டையும் அளக்கோணும்" என்றார். எனக்கு அது போதும்.

மேடம் போகும்போது மூலையைப் பார்த்தார். "சார் சொல்றதுலயும் ஞாயம் இருக்குது. அதுக்கு நான் சரீன்னிருக்கக் கூடாது. இனிமே கங்கு வேண்டாம், பேட்டரி வாங்கிக்கலாம்." அந்தச் சட்டியில் இப்போது என் ஊட்டு வாசலில் ஒரு ரோசாச் செடி நிற்கிறது.

சித்திரை

கொஞ்ச நாளில் கொரோனா ஊரடங்கு வந்தது. பஸ் இல்லை, ஜீப் இல்லை, சாரும் வர முடியவில்லை. ஈரம் மட்டும் எப்போதும் போல வந்தது. நான் நடந்தே போய்க் கூரையைத் திறந்து மூடினேன். அத்தனை அமைதியான மலையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

ஒருநாள் பொழுது சாய்ந்த நேரம் மேடம் போன் போட்டார். நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஆதிரை எப்படி இருக்கா?"

"தேறிட்டாளுங்க மேடம். புழுதி கலைஞ்சிருச்சாட்ட இருக்குது. பளிச்சுன்னு நிக்கறா."

"நெசமாவா? பனி வெலகுனதுல அப்படித் தெரியுதோ என்னமோ."

"இல்லீங்க மேடம்" என்றேன். "மொதல்ல ரோகிணியப் பாத்துட்டுத்தானுங்க சொல்றேன்."