மஞ்சள் தடவிய நாவல்

புத்தகம் எழுதுவதை எங்கள் பக்கத்தில் யாரும் தொழிலாகச் சேர்த்துக்கொள்வதில்லை. எழுதுகிறேன் என்றால், "அது சரி, பொழைப்புக்கு என்ன செய்றீக?" என்று கேட்பார்கள். பொழைப்புக்குத் திருச்சுழியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தேன். எண்பதுகளின் கடைசியில், அந்தக் கடையில் உட்கார்ந்துதான் ஒரு நாவல் எழுதினேன். கருப்பையா என்ற சம்சாரி (எங்கள் பக்கம் விவசாயிக்கு அதுதான் பெயர்) மானாவாரிக் காட்டில் கிணறு வெட்டி, வெட்டி, கடைசிவரை தண்ணீர் காணாத கதை.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. என்னை யாரென்றே தெரியாத ஒரு சம்சாரி அதைக் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். சொந்தக்காரர்கள் படிப்பது சேர்த்தியில்லை. அவர்கள் நம் முகத்துக்காகப் படிப்பார்கள், அதுவும் பாதிதான். கைப்பிரதியைப் பரணில் ஏற்றிவிட்டுக் கீழே புரண்டு படுக்கும் அன்பர்களே, நான் பட்டதைச் சொல்கிறேன். நீங்கள் பட்டதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கலர் சோடா

பருத்தியில் காய்ப்புழு விழுந்திருந்த சமயம். கூட்டமில்லாத மதியமாகப் பார்த்து, கிணற்றில் வெடி வைக்கும்போது கருப்பையாவின் தம்பி செத்துப்போகும் இடத்தை எழுதிக்கொண்டிருந்தேன். எழுத எழுத எனக்கே அழுகை வந்துவிட்டது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து மருந்து வாங்க வந்த ஒருவர் என்னைப் பார்த்தார். கடைப்படி இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கலர் சோடா. கடைக் கதவில் ஒரு பாதியை அவரே சாத்தினார். என்னைக் குடிக்க வைத்துவிட்டு, தவறியது யார் என்று மெதுவாகக் கேட்டார்.

கதையில் வருகிற ஆள் என்றேன். வையப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்பச் சரி. எனக்கு மருந்தக் குடுத்திட்டு நிம்மதியா அழுங்க. பஸ்ஸு வந்திரும்."

கொல்லைப்பக்கம்

சென்னைப் பதிப்பகங்களுக்கு அனுப்பிய பிரதி, போன சுருக்கில் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒருவர் பேச்சுவழக்கு அதிகம் என்றார். இன்னொருவர் சோகம் அதிகம் என்றார். மூன்றாமவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் போட்ட சணல் முடிச்சு அவிழாமலே வந்து சேர்ந்தது.

எங்கள் தபால்காரர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, யார் யாருக்கு என்ன வந்திருக்கிறது என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக் கொடுப்பவர். ஆனால் இந்தப் பார்சலை மட்டும் அவர் ஒருநாளும் கடைக்குக் கொண்டுவந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் போய் என் மனைவியிடம் கொடுத்துவிடுவார். ஏன் இப்படி என்று அவள் கேட்டிருக்கிறாள். அவர் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது. "நாலு பேரு நிக்கிற எடத்துல அவுக கையில குடுக்க மனசு வரலம்மா. நீங்க வாங்கி உள்ள வச்சிருங்க."

முகூர்த்த மாதம்

கடைசியில் நானே போட்டுவிடுவது என்று அருப்புக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். அங்கே பிரதான வேலை கல்யாணப் பத்திரிகை. ஈய எழுத்து கொஞ்சம்தான் வைத்திருந்தார்கள். எட்டுப் பக்கம் கோத்து, அடித்து முடித்து, எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கம் ஆரம்பிக்க முடியும். ஆவணி பிறந்ததும் எழுத்தெல்லாம் பத்திரிகைகளுக்குப் போய்விட்டது. கருப்பையா பாதிக் கிணற்றில் நின்றுவிட்டான்.

பஸ் ஏறிப் போய்ப் போய்ப் பார்த்தேன். போகும்போதெல்லாம் முதலாளி காபி வாங்கிக் கொடுப்பார், சாப்பிடாமல் விடமாட்டார், வேலை மட்டும் நடக்காது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் சத்தம் போட்டேன். அவர் முகம் மாறவில்லை. "பொண்ணு மாப்பிள்ள காத்திருப்பாகளா அண்ணாச்சி? உங்காளு கிணத்துக்குள்ளதான இருக்காக, எங்க போயிரப் போறாக?"

நாலு மூலை

ஐப்பசியில் ஒருவழியாக அச்சு முடிந்தது. புத்தகக் கட்டைப் பிரித்துப் பார்த்த எனக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு அட்டையிலும் நாலு மூலைக்கும் மஞ்சள்! கல்யாண வீட்டார் கேட்டுக்கொண்டால் பத்திரிகைகளுக்கு அச்சகத்திலேயே மஞ்சள் தடவிக் கொடுப்பார்கள். அது பைண்டிங் பார்க்கும் பேச்சியம்மாவின் வேலை. பத்திரிகைகளோடு என் அட்டைகளும் காய்ந்துகொண்டிருக்க, ஒன்று விடாமல் தடவிவிட்டார்.

சாவு விழுகிற நாவலுக்கு மஞ்சளா என்று நான் குதித்தேன். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். பேச்சியம்மா மட்டும் தெளிவாக நின்றார். "ஒங்க வீட்டு மொதப் பொஸ்தகம்னு மொதலாளி சொன்னாக. மொதக் காரியத்த மூளியா அனுப்பலாமாய்யா?" பிரித்த கட்டை நான் திரும்பக் கட்டினேன்.

நான் கிளம்பும்போது அவர் ஒரு பிரதியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: "நாலு வீட்டுக்குப் போகட்டும், பாருங்க."

தேதி

நாலு வீட்டுக்கு என்ன, கொண்டுபோன வீட்டிலெல்லாம் வாங்கிக்கொண்டார்கள். மஞ்சள் தடவியதை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊர்களில் யாருக்கும் மனம் வராது. ஆனால் வாங்கியதும் நேரே சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவார்கள். திறந்து பார்க்க மட்டும் ஆளில்லை. நான் ஏங்கிய வாசகர் எந்த வீட்டிலும் கிடைக்கவில்லை.

மல்லாங்கிணற்றில் கடைக்குப் பழக்கமான ஒரு சம்சாரி வீடு. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து வந்து, இரண்டு கையாலும் வாங்கினார்கள். இது கதைப் புத்தகம், படித்துப் பாருங்கள் என்று எடுத்துச் சொன்னேன். காபி ஆற்றிக்கொண்டே அந்த அம்மாள் சொன்னார்: "அதெல்லாம் படிச்சுக்கிருவோம். தேதிய வாயாலயும் சொல்லிட்டுப் போங்க, குடும்பத்தோட வந்திருவோம்."

நரிக்குடிக்காரர்

அடுத்த கோடையில் முன்பின் தெரியாத ஒருவர் கடைக்கு வந்தார். மருந்து கேட்கவில்லை. நரிக்குடிப் பக்கம், சம்சாரி என்றார். மல்லாங்கிணற்றில் மச்சினன் வீட்டுக்குப் போன இடத்தில், சாமி படத்துக்குக் கீழே பத்திரிகை கிடக்கிறதே என்று முகூர்த்தம் பார்க்க எடுத்தாராம். முதல் பக்கத்தில் தேதி இல்லை. அடுத்த பக்கத்தில் இருக்கும் என்று புரட்டினாராம். அதிலும் இல்லை. தேதியைத் தேடிப் படித்துப் படித்துக் கடைசிப் பக்கத்துக்கே வந்துவிட்டாராம். அதில் என் கடை விலாசம் இருந்திருக்கிறது.

உட்காரச் சொல்லக்கூட மறந்து நின்றேன். அவருக்கு என்னைப் பற்றியோ என் எழுத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. வீட்டில் ஒருவருக்கு முடியாமல் கிடக்கிற மாதிரி முகம் வாடியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கருப்பையா எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க. ஆழமா வெட்டுனது போதும், கிணத்துக்குள்ள பக்கவாட்டுல சைடு போர் போட்டுப் பாப்போம். எந் தம்பிதான் மிசினு வச்சிருக்கான். காசெல்லாம் வேணாம், நாளைக்கே கூட்டிட்டு வாரேன்."

நான் ஈரமில்லாமல் வறள விட்ட கிணற்றுக்குத் தண்ணீர் கொண்டுவர ஒருவர் பஸ் ஏறி வந்தபோது, ஊர்ப்பெயர் சொல்லத் தெரியாமல் திருதிருவென்று முழித்தேனே, அன்பர்களே, இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய சன்மானம் அந்த முழிதான்.