மாரியாயி அக்காவின் வோட்டு

செவ்வாய்க்கிழமை காலை, ஈஸ்ட் டாமாக்கியில் எங்கள் தொழிற்சாலை வாசலில் வேலைக்கு இறங்கக் கார்க் கதவைத் திறந்தபோது அக்காவின் மகள் பவானியின் அழைப்பு வந்தது. "அன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். பதினொரு வருடம் ஒரே மேசையில் என் எதிரே நின்று பெட்டி அடைத்த மனுஷி மாரியாயி அக்கா. அன்றைக்கும் நான் வேலைக்குப் போனேன். போயிருக்கக்கூடாது.

எங்கள் அறிமுகமே என் வாய்க்கொழுப்பில்தான் தொடங்கியது. அவருடைய பேச்சைக் கேட்டு, "அக்கா, நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் நாட்டிலேயே ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம் என்றார். கையிலிருந்த பெட்டியை ஒட்டி முடித்தார். "எங்க அப்பாவயும் இதத்தான் கேட்டாங்க. பதில் சொல்லிச் சொல்லியே செத்துட்டாரு." எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சுதந்திரம் கிடைத்த கையோடு தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமையையும் வோட்டையும் பறித்த கதை, யாழ்ப்பாணத்தில் நான் படித்த புத்தகத்தில் ஒரு பந்தி. அதற்குப் பாராளுமன்றத்தில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிலும் சிலர் கை உயர்த்தினார்கள் என்பது அந்தப் பந்தியில் இல்லை. அக்காதான் சொன்னார். கோபப்படாமல் சொன்னார், அதுதான் சுட்டது. கூட்டம் போட்டு, வேலை நிறுத்தி, மனுமேல் மனு எழுதிய அவருடைய அப்பா ஒருதரமும் வோட்டுப் போடாமல் கண்ணை மூடினார். அக்காவுக்கு ஊரில் அந்த உரிமை கிடைத்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

குடியேறி வந்த இந்த நாட்டில் முதல்தரம் மங்கரே மண்டபத்துக்கு வோட்டுப் போட அவரை என் காரில் கூட்டிப்போனேன். யாராவது கேட்டால் காட்டவேண்டும் என்று அப்பாவின் மனுக்களையும், நிராகரித்த கடிதங்களையும் ஒரு பையில் கொண்டுவந்தார். மேசையில் இருந்த பெண் பெயரையும் விலாசத்தையும் கேட்டுவிட்டுச் சிரித்தபடி சீட்டைக் கொடுத்தாள். பையை அவிழ்க்கவே இல்லை. காருக்குத் திரும்பியதும் அக்கா விம்மி விம்மி அழுதார். "பேரச் சொன்னாப் போதுமாம் தங்கச்சி. இம்புட்டுத்தானா? இதுக்கா அப்பாவ அந்த அலை அலைய விட்டாங்க?"

கடைசித் தேர்தலின்போது அவருக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. சனிக்கிழமை வந்து கூட்டிப்போகச் சொன்னார். "ஒரு வோட்டுத்தானே அக்கா, ஓவர்டைம் முடிஞ்சால் பாப்பம்" என்றேன். எத்தனை லேசாகச் சொன்னேன்! ஓவர்டைம் நாலு மணிக்கே முடிந்துவிட்டது. நான் நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். பிறகு எத்தனையோ தரம் சந்தித்தோம். அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் மறந்துபோனேன்.

செத்தவீட்டில் பவானி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். என்னைக் குத்திக்காட்டவில்லை, அம்மாவின் கதைகளில் ஒன்றாகத்தான் சொன்னாள். "அன்னைக்கு எனக்கு ஆஸ்பத்திரியில டூட்டி அன்ட்டி. அம்மா நல்ல சேலையக் கட்டிக்கிட்டு ஜன்னல் பக்கமே ஒக்காந்திருந்தாங்களாம். ஏழு மணிக்கு மண்டபம் பூட்டுன பொறகுதான் சேலைய மாத்துனாங்களாம்."

அக்காவை அறிந்தவர்களே, அவருடைய சிரிப்பையும் கைப்பக்குவத்தையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தச் சனிக்கிழமைதான். அவருடைய அப்பாவின் வோட்டைச் சட்டம் பறித்தது. அவருடைய கடைசி வோட்டைப் பறித்தது நான்.