செல்வராசண்ணன் சொல்லாத வார்த்தை

வெல்டிங் வாசம்...

திருச்செங்கோட்டில் நான் முதன்முதலாகப் பாடம் எடுத்த மாடி அறை என்றால் இன்றைக்கும் எனக்கு மூக்கில் வருவது அதுதான். கீழே போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு பாடி கட்டும் பட்டறை. மேலே எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் இருமல்.

இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த சமயம் அது. ஆப்பிரிக்காவுக்கு ரிக் வேலைக்குப் போக இருந்த ஆறு பேருக்கு ஒரு மாதம் இங்கிலீஷ் சொல்லித்தர ஆள் தேடினார்கள். நான் போனேன். வயது இருபத்திரண்டு. இங்கிலீஷ் மீடியம் என்ற திமிர் ஒன்றுதான் தகுதி.

ஆறு பேரில் மூத்தவர் செல்வராசண்ணன். நாற்பதைத் தாண்டியவர், இருபது வருடமாக ரிக்கில் துளை போடும் டிரில்லர். பாஸ்போர்ட்டைப் பாலிதீன் கவரில் போட்டு நோட்டுக்குள்ளேயே வைத்திருப்பார்.

"லாரியிலயே இந்தியா பூராச் சுத்தியாச்சுங்க டீச்சர். ஒருக்கா பிளேன் ஏறிப் பாத்துப்போடோணும்" என்றார் முதல் நாளே.

ஒரு நாள் லிங்கிங் வெர்ப் பாடம். உண்மையைச் சொன்னால் எனக்கே அது அரைகுறைதான். வெர்ப் என்றால் செயல் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவள் நான். 'தி லாரி இஸ் நியூ' என்று போர்டில் எழுதினேன். "இதுல லாரி என்னங்க பண்ணுது?" என்று ஒருவர் கேட்டார்.

புத்தகத்தைப் பார்த்து ஒப்பித்தேன். இங்கே 'இஸ்' எந்த வேலையும் செய்யாது, பின்னால் வருகிற 'நியூ'தான் சப்ஜெக்ட் காம்ப்ளிமென்ட், அது லாரியைப் பற்றிச் சொல்கிறது... யார் முகத்திலும் ஒரு அசைவும் இல்லை.

செல்வராசண்ணன்தான் மெதுவாகக் கேட்டார்.

"ராடையும் ராடையும் சேக்கற கப்ளிங் மாதிரிங்களா டீச்சர்? அது தொளை போடாது. ஆனா அது இல்லீன்னா மேல இருக்கறதும் கீழ இருக்கறதும் ஒண்ணாச் சேராது."

மற்ற ஐந்து பேருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. எனக்கும் அந்த நிமிடம்தான் புரிந்தது. ஆனால் ஏற்கெனவே தெரிந்தவள் மாதிரி, "ம்... கரெக்ட்" என்று தலையை ஆட்டிவைத்தேன்.

கடைசி நாள் டெஸ்ட். நான் எழுதிக் கொடுக்கும் பட்டியலை வைத்துத்தான் ஆப்பிரிக்காவுக்கு ஆள் அனுப்புவதாக ஏற்பாடு. ஆளுக்கு ஒரு வாக்கியம் கொடுத்தேன், கடைசி வார்த்தையை அவர்கள் சேர்த்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். செல்வராசண்ணனுக்கு வந்தது இது. போரில் தண்ணீர் இல்லை, அதை இங்கிலீஷில் சொல்லுங்கள். 'தி போர்வெல் இஸ்...'

காய்ந்தது என்பதற்கு முந்தின நாள் நடத்திய 'ட்ரை'தான் விடை. ஒரே ஒரு வார்த்தை.

"தி போர்வெல் இஸ்..." என்று நிறுத்தினார். "தி போர்வெல் இஸ்... டீப்."

"டீப் இல்லைங்கண்ணா. தண்ணியே வரல. அப்ப என்ன?"

"தி போர்வெல் இஸ்... ஸ்மோக்."

நான் சிரித்துவிட்டேன். "ஸ்மோக்கா? ஏனுங்கண்ணா, போர்வெல் என்ன பீடியா குடிக்குது?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், தரையைப் பார்த்துக்கொண்டு. "வேற ஏதாச்சும் குடுங்க டீச்சர், சொல்லிப்போடறேன்" என்றார். மற்றவர்கள் யாரும் விடையை எடுத்துக் கொடுக்கவில்லை. இவர்களுக்கும் தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். நேற்று நடத்தியதைச் சொல்லத் தெரியாதவருக்கு வேறு கேள்வி எதற்கு?

நான் கொடுத்த பட்டியலில் ஐந்து பெயர்கள்தான் இருந்தன.

இரண்டு வருடம் கழித்து எங்கள் மேட்டுக்காட்டில் அப்பா போர் போட்டார். நான் டீ கொண்டுபோனேன். ரிக் லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் செல்வராசண்ணன்!

அறுநூறு அடி தாண்டியும் குழியிலிருந்து வெறும் மண்தூசிதான் மேலே கிளம்பியது. "பொகையாவே வருதுங்களே" என்றார் அப்பா. அப்போதே எனக்கு அந்த 'ஸ்மோக்' நினைவுக்கு வந்தது. பொறுமை இழந்த சித்தப்பா கத்தினார்.

"காஞ்ச போருன்னு சொல்லிப்போடுங்க, நிறுத்திக்கலாம்!"

செல்வராசண்ணன் அவசரமாகக் கையை உயர்த்தினார்.

"அப்படிச் சொல்லாதீங்க சாமி. போரையும் அந்த வார்த்தையவும் நாங்க சேத்துச் சொல்றதேயில்லீங்க. எங்க இருந்தாலுஞ் செரி, ரிக்காரன் வாயில வரக் கூடாதுங்க. பொகைன்னுதான் சொல்லுவோம்."

அன்றைக்கு அவருக்குத் தெரியாமல் இல்லை. வார்த்தையும் தெரியும், அதை எங்கே சேர்க்க வேண்டும் என்றும் என்னைவிட நன்றாகத் தெரியும். தன் தொழிலுக்கு ஆகாத ஒன்றைச் சொல்ல மனசு வராமல், தெரிந்த இங்கிலீஷில் 'புகை' என்றே சொல்லிப் பார்த்திருக்கிறார். அதற்குத்தான் நான் பீடி என்று சிரித்தேன்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்பாவிடம் சொன்னார்.

"நம்ம டீச்சருங்களா இது! அருமையாச் சொல்லிக் குடுத்தாங்க. எனக்குத்தானுங்க மண்டையில ஏறல."

டம்ளரில் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா முன்னால், சித்தப்பா முன்னால், 'தப்பு என்னுடையதுங்கண்ணா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கம்... அதைவிட, டீச்சர் என்ற பெயர் போய்விடுமே என்ற பயம்.

இப்போது ஆன்லைனில் பாடம் எடுக்கிறேன். லிங்கிங் வெர்ப்புக்குக் கலர் கலராக ஸ்லைடு இருக்கிறது. யாராவது விடை சொல்லாமல் மௌனமாக இருந்தால் முன்பு போல் சிரிப்பதில்லை. காத்திருக்கிறேன், ஏன் என்று தனியாகக் கேட்கிறேன். கப்ளிங் உதாரணத்தைத்தான் சொல்கிறேன். பிரமாதம் மேடம் என்கிறார்கள். அது யாருடையது என்று இதுவரை ஒரு கிளாஸிலும் சொன்னதில்லை.

செல்வராசண்ணன் முழங்கால் வலியால் ரிக் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறாராம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். இன்னும் போகவில்லை.

இதைக்கூட, அவர் ஃபேஸ்புக் பார்க்கிறவர் இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.