காலையில் வைத்தால் மாலை வரை

எங்கள் சுங்கச்சாவடியில் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். நல்லது ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. கறை போகிற சோப்பு, அதட்டாத பல் டாக்டர், கூட்டமில்லாத பஸ், எதுவானாலும் மறுநாள் டூட்டி மாறும்போது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்துவிடும். அதில் அவளுக்குச் சல்லிக்காசு லாபமில்லை. தான் பட்ட சுகத்தை அடுத்தவளும் பட வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். இந்த மாதிரி ஆட்களைக் கடவுள் ஏன்தான் படைக்கிறாரோ என்று இப்போது எனக்குக் கோபம் வருகிறது.

நான் அவளுக்குப் பக்கத்துக் கூண்டு. கூண்டு என்றால் ஒரு நாற்காலியும் கம்ப்யூட்டரும் மட்டும் கொள்கிற கண்ணாடி அறை. வண்டி வரும், கையை நீட்டுவோம், சீட்டைக் கிழித்துக் கொடுப்போம், தடுப்புக் கட்டை மேலே போகும். கழிப்பறை அலுவலகத்துக்குப் பின்னால், எல்லா வரிசைகளையும் தாண்டி இருக்கிறது. கூண்டைக் காலியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. போனால் வரிசை நின்றுவிடும், ஹாரன் காதைப் பிளக்கும், மேனேஜர் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்குவார். அதற்காகவே ரிலீவர் என்று ஒருத்தி இருந்தாள். கூண்டு கூண்டாக வந்து, நாங்கள் போய்விட்டு வரும்வரை எங்கள் நாற்காலியில் உட்காருவதுதான் அவள் வேலை.

அந்த ரிலீவர், ரேடியோவின் நாத்தனார். குடிகாரப் புருஷனிடம் அடி வாங்கியது போதும் என்று பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த புதிதில் சாப்பிடக்கூடக் கூசுவாளாம். மேனேஜரிடம் நச்சரித்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் ரேடியோதான். அதன் பிறகுதான் அவள் தலை நிமிர்ந்து நடந்தாள்.

மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் எங்கள் பாடு திண்டாட்டம். யூனிபார்ம் பேன்ட் வெளிர்நீலம். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும். வெயில் ஏறிய கண்ணாடிக்குள் நாப்கினோடு உட்கார்ந்திருந்தால் தொடை இரண்டும் வெந்துவிடும். கழிப்பறையில் குப்பைத் தொட்டி கிடையாது. கழற்றியதைப் பேப்பரில் சுற்றிப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். பஸ்ஸில் யாராவது மூக்கைச் சுளித்தால் நம்மைத்தானோ என்று உடம்பு குறுகும்.

இந்தக் கஷ்டத்தில்தான் ரேடியோ மாதவிடாய்க் கப் ஒன்று வாங்கினாள். ரப்பர் போல வளைகிற சின்னக் குப்பி. உள்ளே வைத்துக்கொண்டால் உதிரம் அதில் சேரும், கொட்டிக் கழுவி மறுபடியும் வைத்துக்கொள்ளலாம். அதைக் கொதிக்க வைக்கத் தனியாக ஒரு பாத்திரம் வாங்கியதும் மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னடி அவிக்கிற?"

"கேக்காதீங்க அத்தை. சாப்பிடுற சாமான் இல்ல."

முதல் நாள் கூத்தை அவளே எங்களுக்கு நடித்துக் காட்டினாள். மடக்கிப் பிடித்த கப் பட்டென்று விரிந்து, கையிலிருந்து எகிறி வாளிக்குள் விழுந்ததாம். கதவுக்கு வெளியே நாத்தனார், "அண்ணி, உள்ள யார்கூட சண்டை?" என்றாளாம். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அடுத்த மாதமும் வலி, ஒழுக்கு, எரிச்சல். விட்டுத் தொலையடி என்றேன். அவள் விடவில்லை. பிறகு ஒருநாள் முகமெல்லாம் பல்லாக வந்து என் கூண்டுக் கண்ணாடியைத் தட்டினாள்.

"மறந்தே போயிட்டேன்டி. அந்த நாள்ங்கிற ஞாபகமே இல்ல எனக்கு."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒருமாதிரி ஆகிவிட்டது.

இதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலைமை அலுவலகம் பெண்கள் நலக் கூட்டம் என்று ஒன்று போட்டது. பேச வந்த டாக்டரம்மா, இங்கே யாராவது கப் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டார். ரேடியோ சும்மா இருப்பாளா? எழுந்தாள், மைக்கையும் வாங்கிவிட்டாள்.

"காலையில வெச்சா சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் எடுக்கிறேன். டூட்டில பாத்ரூம் பக்கமே போறதில்ல. அப்படி ஒரு நிம்மதி. ஆனா ஒண்ணு, உடனே பழகாது. வலிச்சா விட்டுடுங்க. எல்லாருக்கும் ஒத்துக்கணும்னு இல்ல."

எல்லோரும் கை தட்டினோம். நாத்தனார்தான் எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினாள். முன்வரிசையில் மேனேஜர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

சில வாரம் கழித்து ஆளுக்கொரு கப் இலவசமாக வந்தது. பிள்ளை பெற்றவளுக்கும் பெறாதவளுக்கும் ஒரே அளவு. வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அந்த மாதச் சம்பளத்தோடு நாத்தனாரைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். பெண் ஊழியர்களுக்கு இனி இடைவேளைத் தேவை குறைவு, ஆகவே ரிலீவர் பதவி தேவையில்லை என்று காரணம் சொன்னார்கள்.

நாங்கள் சிலர் மேனேஜரிடம் போனோம். மற்றவர்கள் வாயைத் திறக்காததால் நான்தான் பேசினேன்.

"சார், அந்தக் கப்பு அதுக்கு மட்டும்தான். இதுக்கு இல்ல."

"எது எதுக்கு?"

சொல்ல வைத்தார். சொன்னேன். "மூத்திரத்துக்கு சார். அது எல்லா நாளும் வரும்."

"வீட்டுலயே போயிட்டு வாங்க. கூட்டத்துல பேசினவங்க சமாளிக்கிறாங்கல்ல?"

வீட்டில் மனைவியும் இரண்டு பெண்களும் இருக்கிற மனுஷன். தெரிந்துதான் பேசினாரா, தெரியாமல் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. எப்படியிருந்தாலும் அடக்கிக்கொண்டு உட்காரப் போவது நாங்கள்தான்.

அடுத்து ரேடியோ போனாள். "சார், நான் பாத்ரூம் போறேன் சார். நாப்கின் மாத்தப் போக வேணாம்னுதான் சொன்னேன். என் நாத்தனார் பொழப்புல மண்ணைப் போடாதீங்க," என்று கெஞ்சினாளாம். அவர் செல்போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாராம். அதில் அவளே பேசிக்கொண்டிருந்தாள். நிம்மதி என்ற சொல்லோடு படம் முடிந்துவிட்டது. வலித்தால் விட்டுவிடுங்கள் என்று சொன்னதை வெட்டிவிட்டிருந்தார்கள்.

"நீங்கதானம்மா சொன்னீங்க," என்றார் மேனேஜர்.

எங்கள் பெண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மேனேஜர் மேல் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் அவள் மேல் கொட்டினார்கள். டூட்டிக்கு முன்னால் டிபன் மேஜையில் அவள் உட்கார்ந்தால் மற்றவர்கள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார்கள். "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா நாம நிம்மதியா ஒண்ணுக்காவது போயிருப்போம்," என்று காதுபடச் சொன்னாள் ஒருத்தி. வீட்டில் மாமியார், "ஊருக்கு நல்லது சொல்லப் போயி என் பொண்ணு வாழ்க்கைக்கு உலை வெச்சுட்டா," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் வேறு வேலை தேடி அலைந்தாள், கிடைக்கவில்லை. அண்ணன் சோற்றில் தானும் பெண்ணுமாக எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது என்று, கடைசியில் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அடிக்கிற புருஷனிடமே திரும்பிப் போனாள். ரேடியோ வாசலை மறித்து நின்று அழுதிருக்கிறாள்.

"விடு அண்ணி. நீ நல்லதுதான நெனச்ச," என்றாளாம் அவள்.

திட்டியிருந்தால் ஆறியிருக்கும் என்று ரேடியோ என்னிடம் சொன்னாள். அதுதான் அவள் என்னிடம் தானாக வந்து சொன்ன கடைசி விஷயம்.

கப்பின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவள் இன்னமும் அதைத்தான் பயன்படுத்துகிறாள், நானும் பழகிவிட்டேன். நாற்காலியை விட்டு எழ முடியாத இடத்தில் நாப்கினை எங்கே மாற்றுவது? ஒத்துக்கொள்ளாதவர்கள் இரண்டு நாப்கினை அடுக்கி வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். தண்ணீர் பாட்டிலை யாரும் கொண்டுவருவதில்லை. நீர்க்கடுப்பில் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டார்கள். டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாராம். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

போன வாரம் ரேடியோவுக்கு அந்தப் பக்கத்துக் கூண்டில் புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். கைக்குழந்தைக்காரி. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் அந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். மத்தியானம் வண்டி கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் அவள் கண்ணாடியை நகர்த்திவிட்டு எட்டிப் பார்த்தாள். என் கூண்டுக்கும் கேட்டது.

"அக்கா, வீடியோல பேசுறது நீங்கதான? ஒரு நிமிஷம் என் கூண்டைப் பாத்துக்கிறீங்களா? அவசரமா வருது."

ரேடியோ எழப் போனாள். அதற்குள் அவள் வரிசையில் லாரி ஒன்று வந்து நின்றது, அதன் பின்னால் இன்னொன்று. அலுவலக ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். லாரிக்குச் சீட்டைக் கிழித்தபடி, பக்கத்துக் கூண்டில் ஒரு மடக்குக் குறைந்திருந்த தண்ணீர் பாட்டிலைக் கண்ணால் காட்டினாள்.

"நாளையிலேருந்து அதைக் கொண்டுவராத," என்றாள்.