துவைக்கிற ரூமில் நிற்க ஓர் இடம்

கட்டிங் அக்கா கோபக்காரி என்று கம்பெனியில் யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கம்பெனி அது. அவளுக்குத் துணி வெட்டுகிற வேலை. நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, சாக்பீஸால் கோடு இழுத்து, கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே தள்ளி மெஷினை ஓட்டுவாள். கோட்டின் மேலேயே வெட்டிவிட்டால் தைப்பதற்குத் துணி இருக்காது, சட்டை பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் செய்கிற தப்பு அது. அதற்குக்கூட அவள் கத்தமாட்டாள். "வெளிய விடுற துணி வேஸ்ட்டு இல்லம்மா, அதுலதான் சட்டையே நிக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த அடுக்குக்குப் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவளை ஒரு வீடு கூடிக் கொதிக்க வைத்தது என்றால், அந்த வீட்டைப் பற்றித்தான் முதலில் சொல்லவேண்டும்.

கீழே இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரே ஒரு குளியலறை. மாடியில் கொழுந்தனுக்கு ஓர் அறை. அவன் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான், குளிக்க மட்டும் கீழே வருவான். அவளுடைய வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். குளியலறைக்கு அடுத்த அறையில் கட்டிலில் மாமனார். காலமெல்லாம் லாரி ஓட்டிய மனுஷர், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் கொஞ்சம் குழறும், ஆனால் சொல்வது புரியும். காது மட்டும் கூர்மை. அந்தக் காதுதான் அவருக்கு எமன்.

டயபர் போட்டால் புண்ணாகிறது, வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே விடிந்தால் ஒரு விரிப்பு, ஒரு போர்வை, சில நாள் இன்னொரு விரிப்பு. இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவருடைய விரிப்பை அலச மட்டும் வேறு வீட்டில் பிறந்தவள் வரவேண்டியிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அப்பா மேல் பாசம் உண்டு, இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வாசலில் நின்று "எப்படிப்பா இருக்க?" என்று கேட்கிற அளவுக்குப் பாசம்.

அவள் குளியலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அலசிக்கொண்டிருப்பாள். வெளியே கதவு தட்டப்படும்.

"இன்னும் எவ்ளோ நேரம்? எனக்கு முதல் டிரிப்பு போகணும்" என்பார் கண்டக்டர்.

"அண்ணி, நாத்தம் தாங்கல. டெட்டால் கொஞ்சம் நல்லா ஊத்திட்டு வாங்க" என்பான் கொழுந்தன், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பேருக்கும் நடுவே ஒதுங்கி ஒதுங்கி வெளியே வருவாள். திருட்டு வேலை செய்தவள் மாதிரி. மழை நாளில் காயப்போட இடமில்லாமல் விரிப்பைச் சமையலறையில் கயிறு கட்டித் தொங்கவிடுவாள். அதற்கும் இரண்டு பேரும் முகம் சுளிப்பார்கள், சுளித்துக்கொண்டே அதற்குக் கீழே குனிந்துபோய்ச் சாப்பாடு போட்டுக்கொள்வார்கள்.

போன கோடைத் தொடக்கத்தில் மாமனாருக்குக் கடும் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரில் கிருமி, உடம்பில் தண்ணீரே இல்லை என்றார் டாக்டர். சொல்லிவிட்டு நேரே அவளைப் பார்த்துக் கேட்டார், "பெரியவருக்குத் தண்ணி கொடுக்கிறீங்களா இல்லையா?"

சரி, டாக்டருக்குத் தெரியாது. கூட நின்ற கண்டக்டரும் திரும்பி அவளைப் பார்த்தார் பாருங்கள், அதுதான் ஆறவில்லை. "ஏம்மா, தண்ணிகூடவா கொடுக்கல?" என்றார். தன் அப்பா தண்ணீர் குடித்தாரா என்று தானாக ஒரு நாளும் கேட்டிராத மனுஷர். அங்கே வைத்துப் பேசினால் அழுகையும் சேர்ந்து வரும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மாமனாரிடம் கேட்டாள். காலையில் வைக்கிற சொம்பு மாலையில் காலியாகத்தானே இருக்கும்? அவர் முதலில் மழுப்பினார். லாரி ஓட்டின காலத்திலேயே தண்ணீர் குடிக்காமல் ஓட்டின உடம்பு இது என்றார். அவள் விடவில்லை. கடைசியில், நல்ல கையால் கட்டிலோரத்து ஜன்னலைக் காட்டினார். சொம்புத் தண்ணீரை ஜன்னல் வழியாக வெளியே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான் குடிச்சா நீதானம்மா பேச்சு வாங்குற" என்றார். "கதவத் தட்டுறது எனக்குக் கேக்குதும்மா."

அன்று சாயங்காலம் கண்டக்டர் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் சொன்னாள், "சமையலறைக்குப் பின்னாடி இருக்கிற சந்துல எனக்குத் துவைக்கிற ரூம் கட்டணும். மெஷின் வாங்கணும். நின்னுக்கிட்டே அலசுற மாதிரி தொட்டி வைக்கணும். மழையில காயப்போடக் கம்பி மாட்டணும். குளியலறைக் கதவை இனிமே யாரும் தட்டக் கூடாது." ஏன் என்றும் சொன்னாள். கண்டக்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார். சரி என்றார்.

கொத்தனார் வந்து சந்துக்குக் கூரை போட்டு, தெருப்பக்கம் பழைய கேட் இருந்த இடத்தில் கதவு வைத்து, தரைக்குச் சிமெண்ட் பூசிக் கொடுத்தார். அவளுக்குக் காகிதத்தில் பிளான் போடத் தெரியாது. தெரிந்த மாதிரி போட்டாள். கம்பெனியிலிருந்து சாக்பீஸ் கொண்டுவந்து, தரையிலேயே முழு அளவுக்கு வரைந்தாள். மூலையில் ஒரு கட்டம், உள்ளே "மெஷின்" என்று எழுதினாள். பக்கத்தில் "தொட்டி". சுவரோரம் "அழுக்குக் கூடை". மெஷின் கதவு திறந்தால் எங்கே வரும் என்று ஒரு வளைவு. இவற்றுக்கு நடுவே ஒரு பெரிய கட்டம். அதில் நின்று பார்த்தாள், குனிந்து பார்த்தாள், வாளியோடு திரும்பிப் பார்த்தாள். இடித்த பக்கமெல்லாம் கோட்டை அழித்துத் தள்ளிப் போட்டாள். அந்தக் கட்டத்துக்குள் எதுவும் எழுதவில்லை. அவளுக்கு அது எழுதவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

தினமும் வேலைக்குப் போகுமுன் மாமனாரிடம் போய்ச் சேதி சொல்வாள். இன்றைக்குக் கம்பி மாட்டியாச்சு, இன்றைக்கு விளக்கு போட்டாச்சு என்று. அவரும் வேலை நடக்கிற இடத்துக்கு வந்த மேஸ்திரி மாதிரி விசாரிப்பார். "ரூம் ஆகட்டும், வயிறு முட்டக் குடிக்கிறேன்" என்பார். அதுவரைக்கும் அவள் எதிரே நின்று குடிக்கவைத்தால்தான் நாலு மடக்கு இறங்கும்.

அங்கேதான் வந்தது வினை. கண்டக்டருக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. பஸ் எவ்வளவு நிரம்பி வழிந்தாலும் அவர் கண்ணுக்கு உள்ளே இடம் இருக்கும். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியாத்தானே இருக்கு" என்று தள்ளித் தள்ளி ஏற்றியே பழகியவர். வீட்டையும் அவர் அப்படித்தான் பார்த்தார். ஒரு நாள் அவள் வேலை விட்டு வந்தபோது தரையில் புதிதாக ஒரு சதுரம் இருந்தது, இன்வெர்ட்டர் பேட்டரிக்காம். மறுநாள் ஏணிக்கு ஒரு கோடு.

"இது எதுக்குங்க இங்க?" என்றாள்.

"ஓரமாத்தானே இருக்கு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

அந்த அட்ஜஸ்ட் என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவன் நிச்சயமாக அட்ஜஸ்ட் செய்துகொண்டவனாக இருந்திருக்கமாட்டான். அவள் பேட்டரியைப் பொறுத்தாள், ஏணியையும் பொறுத்தாள். நடுக்கட்டத்துக்குள் வரவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், கம்பெனியில் மூச்சு விட முடியாத வேலை. பிளம்பர் சனிக்கிழமைதான் வருவேன் என்றார். அவளால் லீவு போட முடியவில்லை. "எல்லாம் தரையில போட்டிருக்கேன், அதுபடி மாட்டச் சொல்லுங்க, போதும்" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது மாமனாரிடம், "இன்னிக்கு முடிஞ்சிரும் மாமா" என்றாள்.

சாயங்காலம் திரும்பி வந்து கைகூடக் கழுவாமல் பின்பக்கம் போனாள். விளக்கைப் போட்டாள்.

ரூமுக்கு நடுவில் கொழுந்தனின் மோட்டார் சைக்கிள் நின்றது. புதுசு, கவர் போட்டு மூடியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், மூலையில், வாஷிங் மெஷின். கதவைத் திறந்தால் பாதியில் சைலன்சரில் இடித்தது. தொட்டிக்குப் போகவேண்டுமானால் சீட்டின் மேல் சாய்ந்து கையை நீட்டவேண்டும். தரையில் அவளுடைய நடுக்கட்டத்துக்குள், அவள் எழுத்தைப் பார்த்து எழுதியதுபோல அழகாக, "வண்டி" என்று யாரோ எழுதியிருந்தார்கள். பிளம்பரைக் குறை சொல்ல முடியாது. தரையில் இருந்தபடிதான் அவர் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

கொழுந்தன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். "நல்லா செட் ஆயிருச்சுல்ல அண்ணி? வெளிய மழையில நின்னு பாழாப் போயிட்டிருந்துச்சு."

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"காலியாத்தானே இருந்துச்சு. மத்த எல்லாத்துக்கும் பேர் எழுதியிருந்தீங்க, இந்தக் கட்டத்துல மட்டும் ஒண்ணும் எழுதல. அண்ணன்கிட்டயும் கேட்டேன், போட்டுக்கடான்னாரு."

சமையலறை வாசலில் தினசரியோடு வந்து நின்ற கண்டக்டரைப் பார்த்தாள். அவர் தினசரியைப் பார்த்தார்.

"அதுல நான்னு எழுதணுமா?" என்றாள். கம்பெனியில் யாரும் கேட்டிராத குரல். "மெஷினுக்கு இடம் இருக்கு, பேட்டரிக்கு இடம் இருக்கு, பெட்ரோல் குடிக்கிற வண்டிக்கு இடம் இருக்கு. துவைக்கிறவ எங்க நிப்பா? சுவத்துல தொங்குவாளா?"

"சும்மா கத்தாத. காலைல வண்டிய எடுத்துட்டுத் துவைச்சுக்க, அப்புறம் விட்டுக்க. கொஞ்சம் அட்ஜஸ்ட்..."

அவர் முடிக்கவில்லை. அவள் பார்த்த பார்வையில் முடிக்க வரவில்லை. ஆனால் வண்டியை எடுக்கச் சொல்லவும் வாய் வரவில்லை. கொழுந்தன் மெதுவாக மாடி ஏறிவிட்டான். அவள் விளக்கை அணைத்துவிட்டு வந்தாள்.

மாமனாருக்கு இந்தச் சண்டை எதுவும் தெரியாது. மாத்திரை போட்டுத் தூங்கியிருந்தார். ஆனால் பகலெல்லாம் பிளம்பர் சுவரில் துளை போடுகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறார். ரூம் ஆகிவிட்டது என்று நம்பியிருக்கிறார். கட்டிலோரம் இருந்த சொம்பு காலி. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள், மண் காய்ந்து கிடந்தது. அத்தனையும் குடித்திருக்கிறார். அந்த மனுஷர் வைத்த நம்பிக்கையைப் பார்த்துத்தான் அவளுக்கு உண்மையான கோபம் வந்தது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் வெறும் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை காலை விரிப்பு, போர்வை, மெத்தை உறை எல்லாம் நனைந்திருந்தன. மாமனாரைத் துடைத்து, உடை மாற்றி, காய்ந்த விரிப்பில் படுக்கவைத்தாள். நனைந்ததைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே ஹாலுக்குப் போனாள். கண்டக்டர் வாராந்திர ஓய்வில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மூட்டையை அவர் மடியில் வைத்தாள்.

"ஏய், என்னம்மா இது?"

"உங்க அப்பா விரிப்பு. மொதல்ல அலசிட்டுத்தான் மெஷின்ல போடணும். ரூம் ரெடியா இருக்கு, போங்க."

"எனக்கு இன்னிக்கு ஒரு நாள்தான் லீவு."

"நடுவுல காலியாத்தானே இருக்கு. உள்ள போங்க."

வருஷக்கணக்காக ஊரையே அந்த வார்த்தையால் தள்ளியவர், அதே வார்த்தையால் தள்ளப்பட்டு எழுந்தார். ஈரம் மடியில் இறங்க ஆரம்பித்துவிட்டது, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. அவள் பின்னாலேயே போகவில்லை. மாமனாரின் கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சத்தம் மட்டும் வந்தது. முதலில் குழாய் திறக்கிற சத்தம். பிறகு வாளி எதன் மேலோ மோதியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஏணி சரிந்து விழுந்தது, அதைத் தொடர்ந்து கண்டக்டர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மாடியிலிருந்து கொழுந்தன் ஓடி வந்தான். "அண்ணே, பாத்துண்ணே, வண்டி மேல தண்ணி படுது" என்று அவன் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"வண்டியாடா வண்டி?" கண்டக்டரின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "மனுஷன் எங்கடா நிக்கிறது இங்க? எடுடா வெளிய. இப்பவே எடு. எடுத்துட்டு வந்து இந்தப் பக்கம் புடி, ஒருத்தனால புழிய முடியல."

கட்டிங் அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை. நேற்று அவள் கேட்ட அதே கேள்விதான். அவள் கேட்டால் கத்தல், அவர் கேட்டால் நியாயம். இதை நினைக்க நினைக்க அவளுக்கு இன்னும் சூடு ஏறியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டும் அது இறங்கவில்லை.

மாமனார் கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். "யாரும்மா அலசுறது?"

"உங்க பெரிய புள்ளதான் மாமா."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அவமானப்படுகிறாரோ என்று அவளுக்குப் பயம் வந்தது. பிறகு நல்ல கையை நீட்டினார்.

"தண்ணி குடும்மா."

டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடித்து, காலி டம்ளரை மறுபடி நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்து" என்றார். "சின்னவன் ஒருத்தன் இருக்கான்ல."